மஞ்சள் வரிசை

விடியுமுன் மாவு பிசைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், குளிர் முதலில் ஏறுவது தோள்பட்டையில்தான். கென்டக்கி மலையிடுக்கில் இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நானும் ரோண்டாவும் பால் பெட்டிகளைத் தூக்கி அடுக்கி, அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு, பன் மாதிரி மெத்தென்றிருக்கும் பிஸ்கட்டுக்காகப் பெரிய தொட்டியில் மாவோடு மல்லுக்கட்டுவோம். நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு ஊரில் மிஞ்சியிருக்கிற வேலை இது. அதிலும் ஆளைக் குறைத்து, நாலு பேர் செய்ததை எங்கள் இருவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

“ஏன்டி டார்லீன், மாவை அடிக்கிறியா, ஓடிப்போன உன் புருஷனை அடிக்கிறியா?” என்பாள் ரோண்டா.

“அவனை அடிச்சா இவ்ளோ மெத்துனு வருமா?” என்பேன். சிரித்துக்கொண்டே தட்டுகளை அடுப்பில் தள்ளுவோம். அவள் மகன் கோல்ட்டனும் என் மகள் மேசியும் ஒரே நாலாம் வகுப்பு.

ஆசிரியர் அறைக்குக் காப்பிப் பாத்திரம் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அந்த அறைச் சுவரில்தான் பிள்ளைகளின் பெயர் அட்டைகள் இருந்தன. மாநிலப் பரீட்சையில் தேறிவிடும் என்றால் பச்சை வரிசை. தேர்ச்சிக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நின்றால் மஞ்சள். தேறவே தேறாது என்றால் சிவப்பு. மஞ்சள் வரிசைக்குத் தினமும் காலையில் நூலகத்தில் தனி ஆசிரியர். சிவப்புப் பிள்ளைகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜிம் என்கிற விளையாட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்.

சிவப்பில் மேசியின் பெயர் இருந்தது.

போன வருஷம் தன் பெயரையே தடுமாறி எழுதியவள், இந்த வருஷம் சாப்பாட்டு வரிசையில் நின்று அன்றைய மெனுவை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். அவள் ஏறி வந்த தூரம் அந்தச் சுவரில் எங்கும் இல்லை. இதையெல்லாம் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். காப்பி ஊற்றும்போது ஆசிரியர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்களே என்று காது சுட்டது. வீட்டுக்குப் போய்க் குழந்தையை, “ஒழுங்காப் படிச்சா என்னடி உனக்கு?” என்று கத்தினேன்.

மறுநாள் அந்த அறைக்கு யாரும் வருமுன் மேசியின் அட்டையை எடுத்து மஞ்சளில் குத்தினேன். எண்ணிக்கை கூடினால் தெரிந்துவிடும். மஞ்சளின் கடைசி அட்டையைப் பிடுங்கிச் சிவப்பில் வைத்தேன். பெயரைப் படிக்கவில்லை. படித்தால் கை வராது என்று தெரிந்துதான் படிக்கவில்லை.

சுவரைப் பார்த்துத்தான் நூலகத்துக்குக் கூப்பிடுவார்கள். மேசி துள்ளிக்கொண்டு போனாள். அந்த வாரமே ரோண்டாவின் கேலிப்பேச்சு நின்றுபோனது.

“கோல்ட்டனை ஜிம்முக்கு அனுப்பிட்டாங்கடி,” என்றாள், மாவைப் பார்த்தபடி. “இன்னும் கொஞ்சந்தான், தாண்டிடுவான்னு சொன்ன புள்ள. என்னடா பண்ணித் தொலைச்சேன்னு நாலு அடி வெச்சுட்டேன். ரெண்டு நாளா சோறு இறங்கல அவனுக்கு.”

நான் பிடுங்கிய கடைசி அட்டை அவனுடையது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்வானேன். அவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டபோது என்னால் முடியவில்லை.

“அவன் ஒண்ணும் பண்ணல, ரோண்டா. நான்தான் பண்ணேன்.” எல்லாவற்றையும் சொன்னேன்.

தட்டு தரையில் விழுந்து உருண்டது. “அடிப்பாவி! என் பக்கத்துல நின்னே மாவு பிசைஞ்சியேடி!” என்றாள். அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, “எங்க அந்தச் சுவரு? காட்டு,” என்றாள்.

சுவர் முன்னால் நின்றவள் மகன் பெயரோடு நிற்கவில்லை. சிவப்பு வரிசையைத் தலையிலிருந்து படித்தாள். “இது பஸ் ஓட்டற டுவெய்ன் பொண்ணு. இது கூட்டற லோனி பேரன். இதுங்க வீடில்லாம சால்வேஷன் ஆர்மி கூடத்துல தங்கியிருக்காங்களே, அந்தப் புள்ளைங்க. எல்லாம் நம்மாளுங்க புள்ளைங்கதானடி!”

பின்னால் வகுப்பாசிரியை மிஸ் கோம்ஸ் வந்து நின்றிருந்தார். நான் என் குற்றத்தைச் சொன்னேன். அவர் இன்னும் குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அட்டை மாறியிருந்ததை நான் பாத்தேன். பிரின்ஸிபால் மாத்தியிருப்பார்னு வாயை மூடிக்கிட்டேன்,” என்றார். “முதல்ல மேசியைச் சிவப்புல வெச்சதும் என் கைதான். யார் தேறுவாங்க, யார் தேற மாட்டாங்கன்னு கேட்டாங்க. பிரிச்சுக் குடுத்தேன். டீச்சர்னு சொல்லிக்கவே கூசுது.”

பிரின்ஸிபால் ஸ்பைவி காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தார். “சமையல்காரங்களுக்கு இங்க என்ன வேலை?”

“எங்க புள்ளைங்களைத் தேடி வந்தோம் சார்,” என்றாள் ரோண்டா. “இங்க தொங்கவிட்டிருக்கீங்களே.”

“இந்த வருஷமும் ஸ்கூலுக்கு மோசமான கிரேடு வந்தா மாநிலம் கையில எடுத்துக்கும். அப்புறம் சமையலுக்குக் கான்ட்ராக்ட்காரன் வருவான். உங்க அடுப்பு முதல்ல அணையும். தெரியுமா?”

“தெரியும் சார். அதுக்கு எங்க புள்ளைங்களை ஜிம்முல போட்டுப் பூட்டணுமா?”

“மேசி வாசிக்கறதுல ஒரே வருஷத்துல ரெண்டு வகுப்பு அளவுக்கு ஏறியிருக்கா சார்,” என்றார் மிஸ் கோம்ஸ்.

“முன்னேற்றத்துக்கும் கொஞ்சம் மார்க் இருக்கு, இல்லைங்கல. ஆனா தேர்ச்சிக் கோட்டைத் தாண்டினாத்தான் பெரிய மார்க். இருக்கிற ஒரே ஒரு தனி டீச்சரை நான் எங்க போடுவேன்? தாண்டக்கூடிய இடத்துலதான் போடுவேன்.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “மாவட்டக் கல்வி ஆபீஸ்லயும் இதே மாதிரி ஒரு சுவர் இருக்கு. அதுல என் பேரு சிவப்புல இருக்கு. மீட்டிங்ல அதுக்கு நேர் எதிர்லதான் என்னை உட்கார வெக்கறாங்க.”

என்னால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் செய்ததைத்தானே நானும் செய்தேன்? என் வெட்கத்தை இன்னொருத்தி பிள்ளை தலையில் இறக்கி வைத்தேன்.

ரோண்டா கோல்ட்டனின் அட்டையை எடுத்தாள். மஞ்சளில் வைக்கப்போகிறாள் என்று நினைத்து மேசியின் அட்டைக்குக் கை நீட்டினேன். அவளோ அதை என் ஏப்ரன் மடியில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். மிஸ் கோம்ஸ் குளிர்கோட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மறுமுனையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஒன்றும் பாக்கியில்லை.

“இதுக்கு உங்க மூணு பேர் மேலயும் எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்,” என்றார் ஸ்பைவி. ஆனால் தடுக்கவில்லை.

“அனுப்புங்க சார். நாளைக்குக் காலையில நூலகம் எல்லாப் புள்ளைங்களுக்கும் திறந்திருக்கும்,” என்றார் மிஸ் கோம்ஸ். “நான் வரேன். மத்தவங்களையும் கேக்கறேன்.”

மறுநாள் இன்னும் சீக்கிரம் அடுப்பு மூட்டினோம். டுவெய்ன் பஸ்ஸை முன்னதாக எடுத்துவிட்டார், லோனி நூலகத்தில் நாற்காலி போட்டார். ஆசிரியர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. வந்தவர்கள் பயந்துகொண்டேதான் வந்தார்கள். பரீட்சை அப்படியேதான் இருக்கிறது, எங்கள்மேல் ஸ்பைவி எழுதி அனுப்பிய கடிதமும் மேலே எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. கோல்ட்டனிடம் நான் போய், “தப்பு உன்மேல இல்லடா, என்மேல,” என்று சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிஸ்கட் தட்டு வெந்து வந்தது. நூலகத்துக்குக் கொண்டுபோக ஒற்றை ஆளால் ஆகாத கனம். ரோண்டாவைக் கூப்பிட வாய் வராமல் நின்றேன்.

அவளே வந்தாள். “உன்னை நான் இன்னும் மன்னிக்கலடி,” என்றாள். “அந்தப் பக்கம் புடி. ஆறிடப்போவுது.”