ட்ராக் பாடிய தங்கை

பாடகிக்குத் தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "காயம் ஆறுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. முணுமுணுக்கக்கூடக் கூடாது."

துணிக்கடைத் திறப்பு விழாக்களில் பாட ஆரம்பித்தவள் அவள். கூட்டம் தள்ளுபடிக்கு முண்டியடிக்கும். பாட்டை யார் கேட்டார்கள்? அப்படியும் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடிப் பாடி மேலே வந்தாள். இப்போது கல்லூரிப் பிள்ளைகளின் போனில் எல்லாம் அவள் குரல்தான். மேடையில் அவளுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடுவது அவளுடைய தங்கை. "கண்ணை மூடிக்கிட்டா எது அக்கா, எது தங்கச்சின்னு எனக்கே தெரியாது" என்று டிரம்மர் கிண்டலடிப்பான்.

ஆபரேஷனால் புது ஆல்பம் பாதியில் நின்றது. கம்பெனி முதலாளி நச்சரித்தார். தங்கைதான் யோசனை சொன்னாள்.

"நான் ட்ராக் பாடி வைக்கிறேன்க்கா. அதை வெச்சு மியூசிக்கை முடிக்கட்டும். உனக்குக் குரல் வந்ததும் என்னோடதை அழிச்சிட்டு நீ பாடிடு."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

தினமும் ஸ்டுடியோவுக்குப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக் காட்டினாள். 'இங்கே மூச்சு விடு.' 'அழாதே. அழுது முடிச்சவ மாதிரி பாடு.' தங்கை கற்பூரமாகப் பிடித்துக்கொண்டாள். ஆல்பத்தில் அக்காவுக்கு உயிரான பாட்டு ஒன்று இருந்தது. அம்மா ஆஸ்பத்திரித் துணி துவைக்கப் போன பொழுதுகளில், பூட்டிய வீட்டுக்குள் பயந்து கிடந்த இரண்டு சிறுமிகளின் பாட்டு. 'ஒரு போர்வைக்குள்ளே நானும் நீயும்' என்று தொடங்கும்.

பேசலாம் என்று டாக்டர் அனுமதித்த அன்று, டாக்ஸியில் திரும்பிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் அந்தப் பாட்டு.

'ஒரு போர்வைக்குள்ளே நானும் பயமும்…'

கழுத்தைச் சுற்றிய துப்பட்டாவை இறுக்கிக்கொண்டாள்.

"யாரோ ஒரு புதுப் பொண்ணுங்க. தானே எழுதிப் பாடியிருக்கு" என்றார் டிரைவர். "அந்தப் பழைய பாடகி மாதிரியே இருக்குல்ல? ஆனா இது மனசுல இருந்து வருது."

வீட்டில் தங்கை டிவி பேட்டிக்குப் போட்டுக்கொள்ளும் உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா வாசலிலேயே நின்றாள். குரல் உடைந்த தகரம் போல வந்தது.

"என்னடி இது?"

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உனக்குக் குரல் பழையபடி வருமான்னு தெரியலைன்னு முதலாளி சொன்னாரு. பாட்டு வீணாப் போயிடக் கூடாதுன்னுதான்…"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதான் பேசவே கூடாதே. எப்படிக் கேக்கறது?"

"வாய்தான்டி இல்ல எனக்கு. காது இருந்துச்சே!"

தங்கை இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"பாட்டுல இருந்த 'நீ'யை எதுக்கு எடுத்தே? அதுவும் முதலாளியா?"

"இல்ல. நான்தான்." தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "எப்பவும் உன் முதுகைப் பார்த்துட்டே பாடியிருக்கேன்க்கா. ஒரு தடவையாவது நான் மட்டும் இருந்து பார்க்கணும்னு தோணுச்சு."

அது பொய்யில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. அதனாலேயே திட்டாமல் துணிகளை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கம்பெனியையும் விட்டாள். குரல் தடித்து, கீழே இறங்கியே வந்தது. டிரம்மர் மட்டும் கூட வந்தான். சின்ன அரங்கம் ஒன்றில் யாரோ "போர்வைப் பாட்டு!" என்று கத்த, பக்கத்தில் இருந்தவர், "யோவ், அது இவங்க தங்கச்சி பாட்டுய்யா" என்று அடக்கினார். சிரித்துக்கொண்டே வேறு பாட்டுக்குப் போனாள்.

அம்மா ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டு, பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "யார் பாடினா என்னடி? நம்ம வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

அக்கா பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கையைக் கழுவிக்கொண்டாள்.

தங்கை இப்போதும் போன் பண்ணுவாள். அக்காவும் எடுப்பாள். அம்மாவின் பிரஷர், ஒழுகும் குழாய் என்று பேச்சு ஓடும். வைக்கும் முன் தங்கை ஆசையாகக் கேட்பாள்: "என்னக்கா எழுதிட்டிருக்கே இப்போ?"

பாதி முடித்த பாட்டு மேஜைமேல் கிடக்கும்.

"ஒண்ணுமில்லடி" என்பாள் அக்கா.