முன்வரிசைக் கை

'உப்புக்காத்து' பேண்டின் கச்சேரி முடிந்த கையோடு அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அதன் ரசிகர்கள் நாலு பேர் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம். கச்சேரிச் சூட்டில் எல்லாமே நன்றாக இருந்ததுபோலத் தோன்றும். கைதட்டல் காதை ஏமாற்றிவிடும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், லஸ் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஜவஹரின் கேசட் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு டேப்பை முழுசாகக் கேட்ட பிறகுதான் பேச்சு. தீர்ப்பு ஒரே சொல்தான். 'போகும்' என்றால் ஜவஹர் காப்பி எடுத்து பெங்களூர், புனே, ஷில்லாங் என்று அங்கங்கே இருக்கிற இதே மாதிரிப் பைத்தியங்களுக்கு அனுப்பிவைப்பான். 'போகாது' என்றால் டேப் அலமாரிக்குள் போய்விடும். அப்புறம் அப்படி ஒரு கச்சேரி நடந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

மெட்ராஸ்காரர்கள் அனுப்பிய டேப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஷில்லாங்கில் பேர். அந்தப் பேரில் இந்த நாலு பேருக்கும், ஏதோ தாங்களே மேடையேறி வாசித்ததுபோல ஒரு திமிர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், தப்பில்லை. சினிமாப் பாட்டை அச்சு அசலாக வாசிக்கிற குழுக்கள் ஊரில் ஏராளம். வெள்ளைக்காரன் பாட்டை அச்சு அசலாக வாசிக்கிற பையன்கள் காலேஜுக்கு காலேஜ் இருந்தார்கள். உப்புக்காத்து ஒன்றுதான் சொந்தப் பாட்டை எடுத்து, பாதியில் அதைக் கைவிட்டு, ஒருத்தன் வாசிப்பதை இன்னொருத்தன் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு, அரை மணி நேரம் கழித்து மறுபடி அதே பாட்டுக்கு வந்து சேரும். நேற்று போன வழியில் இன்று போகாது. வந்து சேருகிற அந்த இடத்துக்காகத்தான் ஜனங்கள் காத்துக்கிடப்பார்கள்.

நாலு பேரில் ஜவஹர் கடைக்காரன். அஃப்சருன்னிசா கல்லூரியில் பிசிக்ஸ் நடத்துகிறவள். டேப் எடுப்பது அவள் பொறுப்பு. கங்காதரன் சாந்தோம் குப்பத்துக்காரன், துறைமுகத்தில் வேலை. வாசிப்பு பிடித்துப்போனால் நாற்காலிமேல் ஏறி நின்றுவிடுவான். நாலாவது ஆள் சந்திரமௌலி. தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உத்தியோகம். லேசில் 'போகும்' சொல்ல மாட்டான். மற்ற மூன்று பேரும் என்னதான் கத்தினாலும் கடைசியில் திரும்பிப் பார்ப்பது அவன் முகத்தைத்தான்.

அந்த முகத்துக்கு இந்த முறை சோதனை வந்துவிட்டது. டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஆண்டனி கப்பல் வேலைக்குப் போய்விட, அவன் இடத்துக்கு வந்தவன் ஸ்ரீநாத், சந்திரமௌலியின் கூடப்பிறந்த தம்பி. பேண்டின் தலைவனும் கிடார்காரனுமான அனிருத் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டான்.

"இந்தக் கச்சேரி டேப் போகும்னு நீங்க நாலு பேரும் சொன்னா ஸ்ரீநாத் எங்க ஆள். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறோம். உங்க காதுதான் எங்களுக்குக் கணக்கு."

கச்சேரி ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. வழக்கம்போல் நாலு பேரும் முன்வரிசை. வழக்கம்போல் கடைசிப் பாட்டு 'உடைஞ்ச பாலம்', ஏழு எண்ணிக்கைத் தாளம். மயிலாப்பூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு எந்தச் சங்கீதம் கேட்டாலும் தொடை சும்மா இருக்காது. கிடார் கச்சேரி என்றாலும் தாளம் போட்டே தீர வேண்டும். நாலு பேரும் போட்டார்கள். அனிருத் அன்று பிடித்தது எல்லாம் பொன்னாக இருந்தது. விரல்கள் மேலே மேலே ஏறிக்கொண்டே போயின. பேஸ் கிடார் வாசிக்கிற இனாயத் அவன் பின்னாலேயே ஓடினான். கங்காதரன் நாற்காலியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் டிரம்ஸ் விலகிற்று. கிடார் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம். தொடையில் முதல் அடி விழுகிறபோது டிரம்ஸில் விழவில்லை. கொஞ்சம் பிந்தி விழுந்தது. ஒரு சுற்றில் சேர்ந்துகொள்வான் என்று சந்திரமௌலி பார்த்தான். சேரவில்லை. அடுத்த சுற்றிலும் இல்லை. சந்திரமௌலியின் கை தானாகத் தொடையிலிருந்து நெஞ்சுக்கு ஏறி, நெஞ்சிலிருந்து தலைக்கு மேலே ஏறி, எல்லோரும் பார்க்கும்படி முதல் அடியைத் தட்டிக் காட்டியது. சின்ன வயதில் மிருதங்கம் பழகும்போது ஸ்ரீநாத் தடுமாறினால் நிமிர்ந்து பார்ப்பது இந்தக் கையைத்தான். இப்போதும் பார்த்தான். நன்றாக, நேருக்கு நேர் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தான்.

எவ்வளவு நேரமென்று சொல்ல முடியாது. சந்திரமௌலிக்கு அது ஒரு யுகம். கடைசியில் அனிருத்தின் விரல் ஒரு கணம் தயங்கிற்று. அவன் திரும்பி டிரம்ஸைப் பார்த்தான். அடுத்த சுற்றில் மூன்று பேரும் ஒரே அடியில் பாட்டுக்குள் வந்து விழுந்தார்கள். மைதானமே எழுந்து நின்று கத்தியது. சந்திரமௌலி மட்டும் எழவில்லை.

வாரம் முழுக்க அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். சட்டம் சட்டம்தானே, இவன் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் சந்திரமௌலிக்கு எரிச்சலாக இருந்தது. தப்புச் செய்தவனுக்கு இத்தனை நிம்மதியாக எப்படிச் சோறு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஜவஹர் ஷட்டரைப் பாதி இறக்கினான். டேப் ஓடி முடிந்தது. சந்திரமௌலியே தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"என் தம்பிங்கறதால நானே முதல்ல சொல்லிடறேன். போகாது."

"இன்னா மௌலி, இப்டி பொட்டுனு போட்டு உடைக்கிற?" என்றான் கங்காதரன். "கடைசில எப்டி வந்து வுழுந்தானுங்க பாத்தல்ல? எனக்கு இப்பவும் புல்லரிச்சிக்கினு கீது."

"விழுந்ததுக்கு முன்னாடி எத்தனை நாழி தத்தளிச்சான், அதைச் சொல்லு."

ஜவஹர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மௌலி சொல்றது கரெக்டுதான் மச்சி. ஆண்டனியா இருந்தா இப்படி விட்டிருக்க மாட்டான். இதை அனுப்பினா ஷில்லாங்ல சிரிப்பாங்க."

அஃப்சருன்னிசா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சந்திரமௌலி எழுந்து டேப்பைப் பின்னால் ஓட்டினான்.

"எந்த இடத்துல விட்டான்னு தெரிஞ்சுண்டு போறேன். ஆத்துல போய் மொட்டையா 'சரியில்லை'ன்னு சொன்னா அவன் மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன்? இந்த இடம்னு காட்டணும்."

மறுபடி ஓடியது. நாலு கைகளும் கடை மேஜைமேல் தாளம் போட்டன. விலகல் கேட்ட இடத்தில் நாலு கைகளும் ஒன்றாக விழுந்தன, டிரம்ஸ் மட்டும் பிந்தியது. "பார்த்தேளா!" என்றான் சந்திரமௌலி, பார்க்கவே பிடிக்காதவனாக. ஆனால் எங்கே விட்டான் என்பது பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் போனான். அங்கே சரியாக இருந்தது. அதற்கும் இதற்கும் நடுவே ஸ்ரீநாத்தின் வாசிப்பில் ஒரு பிசிறு, ஒரு தயக்கம், ஒரு சறுக்கல் எதுவுமே இல்லை. தடுக்கி விழாமல் ஒருத்தன் எப்படிப் பள்ளத்தில் கிடப்பான்?

"ஒண்ணு செய்வோம்," என்றாள் அஃப்சருன்னிசா. "கிடார் பக்கமே காது போகக் கூடாது. காலால மிதிக்கிற அந்தப் பெரிய டிரம்மை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஆரம்பத்துலேருந்து எண்ணலாம்."

கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார்கள். அது எளிதாக இல்லை. அனிருத்தின் கிடார் கையைப் பிடித்து இழுத்தது. கங்காதரன் ஒரு தடவை விட்டுவிட்டுத் தன் தலையில் அடித்துக்கொண்டான், மறுபடி முதலிலிருந்து. இந்த முறை விலகல் வருகிற இடத்தை அவர்கள் கடந்துபோனதே தெரியவில்லை. ஏழுக்கு ஏழு, சுற்றுக்குச் சுற்று பெரிய டிரம் தன் இடத்திலேயே விழுந்துகொண்டு இருந்தது. பாட்டுக்குத் திரும்புகிற அடியில் நாலு கைகளும் அதோடு சேர்ந்து விழுந்தன.

சந்திரமௌலி டேப்பைத் திரும்ப ஓட்டி, இந்த முறை கிடாரை மட்டும் எண்ணினான். உச்சிக்கு ஏறுகிற வேகத்தில் அனிருத் ஒரு எண்ணிக்கையை முழுங்கியிருந்தான். அவ்வளவு அழகாக முழுங்கியிருந்தான். இனாயத் அவனோடு போனான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாலு மேதாவிகளும் தொடையைத் தட்டிக்கொண்டே கூடப் போய்விட்டார்கள்.

"அட கஸ்மாலமே," என்றான் கங்காதரன், தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து. "நாமதான் ராங்கா?"

ஜவஹருக்கு இன்னும் மனசு வரவில்லை. "சரி, அனிருத் முழுங்கிட்டான். கூட வாசிக்கிறவன் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ல?"

"போயிருந்தா அனிருத் எங்க திரும்பி வருவான்?" என்றாள் அஃப்சருன்னிசா. "எல்லாருமே கிளம்பிப் போயிட்டா வீட்ல யாரு இருக்கறது? இவன் ஒருத்தன் நகராம உக்காந்திருந்தான். அதனாலதான் அந்த முடிவு அப்படி வந்துச்சு."

சந்திரமௌலிக்குக் காது சூடாகியது. வெட்கம்தான், ஆனால் அது ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. அதை இடித்துத் தள்ளிக்கொண்டு பெருமை வந்தது. கிடார் ஒரு பக்கம் இழுக்க, பேஸும் அதோடு சேர்ந்து இழுக்க, இத்தனை வருஷம் நம்பிய அண்ணன் கை தலைக்கு மேலே நின்று தப்பாக அதட்ட, அத்தனைக்கும் அசையாமல் ஒருத்தன் தன் கணக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த ஒருத்தன் தன் தம்பி. கடையை விட்டு வெளியே போய் லஸ் கார்னரில் நின்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றான். "போகும்."

"போகும்," என்றாள் அஃப்சருன்னிசா.

கங்காதரன் கடையில் இருந்த ஒரே ஸ்டூலின்மேல் ஏறி நின்றான். ஜவஹர் அவனை இறங்கச் சொல்லித் திட்டிவிட்டு, புது கேசட்டுகளை உறையிலிருந்து பிரிக்க ஆரம்பித்தான். "அப்படியே அனுப்பறேன், ஒரு வார்த்தை சொல்லாம," என்றான். "ஷில்லாங்லயும் தொடை தட்டுவானுங்கல்ல? நல்லா மாட்டிக்கட்டும்."

சந்திரமௌலி வீட்டுக்கு நடந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஸ்ரீநாத் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருந்தான். அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டதும் பக்கத்தைத் திருப்பினான், ஆனால் படிக்கவில்லை.

"அன்னிக்கு என் கையைப் பார்த்தியா?" என்று கேட்டான் சந்திரமௌலி.

"பார்த்தேன்."

"பார்த்துட்டும் ஏன்டா வரலை?"

"நீ தப்பாப் போட்டுண்டிருந்தே."

வாரம் பூராவும் பூட்டி வைத்திருந்த வார்த்தை இத்தனை சாதாரணமாக வந்தது. சந்திரமௌலிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"அதை ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நான் சொன்னா நம்பியிருப்பியா? நீங்கள்லாம் டேப்பைக் கேக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேளே. கேட்டா தெரிஞ்சுடும்னு இருந்தேன்." பிறகுதான் அவன் குரல் கொஞ்சம் இறங்கிற்று. "தெரிஞ்சுதா?"

"போகும். ஜவஹர் காப்பி எடுத்துண்டிருக்கான்."

ஸ்ரீநாத் பேப்பரை மடித்தான். நாலாக மடித்து, எட்டாக மடித்து, இன்னும் மடிக்க முடியாமல் கீழே வைத்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வாய் காதுவரை போயிற்று. அந்த முகத்தைப் பார்க்கச் சந்திரமௌலிக்குக் கண் கலங்கியது; அதை மறைக்க வழக்கமான கண்டிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"அடுத்த தடவை நான் பின்னாடி எங்கேயாவது உக்காந்துக்கறேன். உன்னைப் பார்த்தா கை தானா மேலே போயிடறது."

"வேண்டாம், நீ முன்னாடியே உக்காரு," என்றான் ஸ்ரீநாத். "நீ எப்படிப் போட்டாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது."

வேறு எவன் இப்படிச் சொல்லியிருந்தாலும் சந்திரமௌலி அவனோடு ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டான். இதைச் சொன்னவன் தன் தம்பி என்பதில் அவனுக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை. அடுத்த கச்சேரிக்கும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தான்.