கொல்லவும் முடியாத தூக்கம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ரிப்போர்ட் புரோகிராம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை உறைந்துபோகும். எப்போது என்று அதற்கே தெரியாது. கூடத்தின் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவன் எதிரே உட்கார்ந்தால் மட்டும் மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போல அடக்கமாக வேலை செய்யும்.

அவனுடைய ஒப்பந்தம் அன்று மாலையோடு முடிகிறது. "காரணத்தைக் கண்டுபிடிங்க, நிரந்தரம் பண்றேன். இல்லன்னா கும்பிடு போட்டுக்கலாம்" என்று மேனேஜர் பத்து நாள் முன்பே சொல்லிவிட்டார். இந்த வேலையை நம்பித் தன் வேலையை விட்டு ஊர் மாறி வந்தவள் அவன் மனைவி. காலையில், "ஏங்க, நல்ல சேதியோடதானே வருவீங்க?" என்றாள். அவன் செருப்பு மாட்டுவதில் மிகுந்த அக்கறை காட்டினான்.

பத்து நாளாகத் தடயமே இல்லை. உறைந்தவுடன், கூடத்தில் ரத்தம் எடுக்கிற அக்கா மெஷினையே ரீஸ்டார்ட் செய்துவிடுவார். கொலை நடந்த வீட்டைக் கழுவிவிட்டுப் போலீசைக் கூப்பிடுகிற மாதிரி.

"அக்கா, இன்னிக்கு மட்டும் அதுல கை வைக்காதீங்க. என்னைக் கூப்பிடுங்க."

"ரிப்போர்ட்டுக்கு நிக்கிறவங்க என் உயிரை வாங்குவாங்களே தம்பி."

"ஊசி உங்க கையில இருக்கு. யாருக்கு அந்தத் தைரியம்?"

"வாய் மட்டும் உனக்கு ஹேங் ஆகவே மாட்டேங்குது."

மூன்றரைக்குக் கூப்பிட்டார். தன் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த கட்டளைத் திரையில், புரோகிராமைக் கொல்லச் சொல்லி, அதாவது வலுக்கட்டாயமாக நிறுத்தச் சொல்லி, கட்டளையிட்டான். சாகவில்லை. அதன் நிலையைக் காட்டும் கட்டத்தில் 'டி' என்று ஒற்றை எழுத்து. அப்படியென்றால் தகவல் சேமிக்கிற டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்துத் தூங்குகிறது என்று அர்த்தம். பதில் வரும்வரை எழுப்பவும் முடியாது, கொல்லவும் முடியாது. கும்பகர்ணன் மேலாவது யானையை ஏற்றலாம். கீழே பார்த்தால் இன்னும் பதினோரு புரோகிராம்கள், எல்லாமே டி. நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் ஃபைல் ஏன் ஊமையாக இருந்தது என்பதும் விளங்கியது: எழுதவேண்டிய டிஸ்க்கே பதில் தரவில்லை, அதற்குள் ரீஸ்டார்ட். போனில் படம் எடுத்தான். நாலாவது நிமிடம் எல்லாம் தானாக எழுந்தன.

அவர்களுடையது நிஜ மெஷின் அல்ல. ஒரு கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டருக்குள் வாடகைக்கு இருக்கும் விர்ச்சுவல் மெஷின். உள்ளே இன்னும் எத்தனை குடித்தனமோ, டிஸ்க் எல்லாருக்கும் பொது. மாடியில் யாரோ மோட்டார் போட்டால் இவர்கள் குழாயில் காற்றுதான் வரும்.

மேனேஜர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்போ தப்பு நம்ம பக்கம் இல்ல?"

"இல்ல சார். அவங்க டிஸ்க்ல."

"உங்களால சரிபண்ண முடியுமா?"

"அவங்கதான் சார் பண்ணணும்."

மேனேஜர் உடனே கம்பெனிக்கு போன் போட்டார். அவன் நின்றுகொண்டே கேட்டான். வைத்ததும் அவர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"பிரமாதம்! தனி டிஸ்க் தர்றாங்களாம். அதே பேக்கேஜ்ல சர்வரையும் அவங்களே பாத்துக்கிறாங்களாம்."

"சார், நிரந்தரம்..."

"எதுக்குப்பா? சரிபண்ண வேண்டியது இங்க இல்லன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?" அவர் குரலில் துளி நக்கல் இல்லை. அதுதான் அவனை அடித்தது.

வெளியே வந்தபோது மனைவியின் செய்தி காத்திருந்தது. 'என்னாச்சு?'

'காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டேன்' என்று அனுப்பினான். அதுவரைக்கும் உண்மைதான். மிச்சத்தை அடிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

'எனக்குத் தெரியும்! என் பழைய ஆபீஸ்ல திரும்ப வரச் சொல்லி ஒரு வாரமா கேட்டுட்டே இருந்தாங்க. வரலன்னு இப்பத்தான் சொல்லிட்டேன்.'