பீலிக்கடியில் வைத்த போத்தல்

சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டே தேயிலைத் தோட்டத்து ஒபீசின் பெரிய கிளாக்கர் சிவசுப்பிரமணியம் சொன்னார்: "இது ஒபீஸ், பிள்ளை. மாட்டுப்பட்டி இல்லை."

பரிமளம் பூட்டிய கதவின் முன்னால் நின்றாள். பழைய கடதாசிக் கட்டுகள் அடுக்கிய அந்த அறையில்தான், பிரசவ லீவு முடிந்து வந்ததிலிருந்து, மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுத்து வந்தாள். பதுளையில் மருந்துக்கடையொன்றில் வாங்கிய பம்பு அது. ஒரு கண்ணாடிப் புனல், அதன் வாலில் சிவப்பு றப்பர் பந்து. பந்தை அமுக்கி விட்டால் 'ப்சுக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

"கொஞ்ச நேரந்தான் சேர். புள்ள லுணுகலையில நாத்தனார்கிட்ட இருக்கு. மாப்பால் ஒத்துக்காம ஆஸ்பத்திரியில கெடந்து இப்பத்தான் வந்திச்சு. தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு டொக்டர் சொன்னாரு."

"அப்ப டொக்டரிட்டைப் போய் வேலை கேளும்."

மற்ற மேசைகளில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். "இனி தேத்தண்ணிக்குப் பால்மா வாங்கத் தேவையில்லை சேர்" என்றான் ஒருவன். அதற்குப் பெரிய கிளாக்கரும் சிரித்தார்.

வேலையை விட முடியாது. புருஷன் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். தொழிலாளர் லயத்தில் பிறந்து அந்த ஒபீசில் நாற்காலி கிடைத்த முதல் ஆள் அவள்தான். ஆனால் மத்தியானம் எடுக்காமல் விட்டால் மார்பு கல்லாகிவிடும். நாளடைவில் சுரப்பே வற்றிவிடும். வற்றினால் பிள்ளைக்கு மறுபடியும் மாப்பால், மறுபடியும் ஆஸ்பத்திரி.

அடுத்த நாள் அவள் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போகிற கட்டடம் அது. பால் நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி வருவார்கள். கூடையை வாசலில் சாத்திவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஏறுவார்கள். பரிமளமும் தன் தாயின் மடியில் அந்தச் சுவரோரம் கிடந்து பால் குடித்தவள்தான். இப்போது மடிப்புக் குலையாத சேலையும் செருப்புமாக வாசலில் நின்றாள். உள்ளே பேச்சு நின்றுபோயிற்று.

ஆயா அந்தோணியம்மா ஒரு மூலையைக் காட்டினாள். முதல் 'ப்சுக்' கேட்டதும் செல்லாயி என்ற கொழுந்துக்காரி தன் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

"ஆயா, அந்த மிசினை வெளிய கொண்டு போகச் சொல்லு. புள்ளைங்க கண்ணு முன்னாடி பாலை ஒறிஞ்சு போத்தல்ல அடைச்சா எங்களுக்கு ஊறுமா?"

"இன்னும் கொஞ்சந்தான் அக்கா."

"அக்காவா? கூரை ஒழுகுதுன்னு ஒபீஸ் ஜன்னல்ல வந்து நின்னேனே, அப்ப அக்கான்னியா? 'புதன்கெழம வா'ன்னு ஜன்னலைச் சாத்துன."

பரிமளத்துக்கு அது நினைவிருந்தது. அப்படிச் சொல்லத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"நாங்க மல உச்சியிலருந்து ஓடியாறோம். ஒனக்கு மேசை இருக்கு, நாக்காலி இருக்கு, ஒழுகாத கூரை இருக்கு. அங்கயே உக்காந்து எடேன். ஒபீஸ் ஸ்டாப்பை எவன் வெரட்டுவான்? எங்க எடத்துக்கு ஏன் வார?"

போத்தலில் கால்வாசிதான் சேர்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒபீசுக்குப் பின்னால் மலை ஊற்றுத் தண்ணீர் ஒரு பீலிக் குழாய் வழியாகக் கல்தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. கை விறைக்கும் தண்ணீர். போத்தலைத் துணியில் சுற்றித் தொட்டிக்குள் நிறுத்தினாள். மாலை பஸ் வரும்வரை பால் கெடாமலிருக்க அதைவிட நல்ல இடம் தோட்டத்தில் இல்லை.

திரும்பி வந்தபோது பெரிய கிளாக்கர் அவளுடைய மேசையருகே நின்றார்.

"பெரட்டுக்குப் பிந்தினா என்ன செய்யிறவை?"

காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்த பிறகு ஓடி வருகிறவர்களை, "நேரமாச்சு, வூட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளக் கணக்கில் பேரும் இல்லை.

"உனக்குத் தெரியும்தானே. நீயும் லயத்திலயிருந்து வந்தனீதானே. இன்னொருக்காப் பிந்தினா வீட்டை போகலாம்."

நேற்றுவரை 'நீர்' என்று பேசியவர் இன்று 'நீ'க்கு இறங்கியிருந்தார்.

புதன்கிழமை ஒபீஸ் நாள். தொழிலாளர்கள் குறைகளைச் சொல்ல அன்று மாலைதான் ஜன்னல் திறக்கும். மத்தியானம் அவள் பீலிக்கு மேலே மானாப் புல்லுக்குள் குந்தியிருந்து தூறலில் நனைந்தபடி பால் எடுத்தாள். போத்தலைத் தொட்டியில் வைத்துவிட்டு நேரத்துக்கு மேசைக்கு வந்துவிட்டாள். மாலையில் போத்தலைப் பார்க்கப் போனபோது ஒபீஸ் பியோன் வீரய்யா தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். போத்தல் கல்மேல் கவிழ்ந்திருந்தது.

"கிளாக்கரையா கொட்டச் சொன்னாரும்மா. தொரை பங்களாவுக்கும் இந்தத் தண்ணிதானாம். தீட்டாம்." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஆள் மிதிக்காத எடமாப் பாத்துத்தான் ஊத்துனேன்."

குரோட்டன் செடியின் அடியில் மண் வெளுத்திருந்தது. பரிமளம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் பால் சுரந்து ரவிக்கை நனையத் தொடங்கியிருந்தது. வீரய்யாவின் கேத்தலிலிருந்து கொதிநீர் வாங்கிப் போத்தலையும் பம்பையும் அலசினாள். நேரே ஒபீசுக்குள் போய், தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். முந்தானையைத் தோள்மேல் இழுத்துப் போர்த்தினாள்.

ப்சுக்.

எழுதுகிற சத்தம் நின்றது. பால்மாப் பகிடி விட்டவன்தான் முதலில் எழுந்து வெளியே போனான்.

"என்ன செய்யிறாய்?" பெரிய கிளாக்கரின் குரல் கீச்சிட்டது.

"பால் எடுக்கிறேன் சேர். வச்சிருந்தத நீங்க கொட்டிட்டீங்க."

"எழும்பு! வெளியில போ!"

"எழும்பினா துணி வெலகும் சேர்."

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "துரையிட்டைச் சொல்லுறன்."

"சொல்லுங்க. எதைக் கொட்டினீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க."

ப்சுக். ப்சுக். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் அவரும் போனார், குடையை மறந்துவிட்டு. விறாந்தை நிறையத் தொழிலாளர்கள். ஒருவரும் விலகி இடம் விடவில்லை. அவர் முற்றத்துத் தூறலில் இறங்கி நின்றார்.

வரிசையின் முன்னால் செல்லாயி நின்றிருந்தாள். ஜன்னல் வழியாகப் பரிமளத்தின் முதுகைப் பார்த்தாள். பிறகு முற்றத்தைப் பார்த்தாள்.

"என்னாங்க பெரிய கிளாக்கரையா, பெரட்டுக்கா வந்தீங்க?"

வரிசை சிரிப்பில் குலுங்கியது.

"நேரமாச்சுங்க. வூட்டுக்குப் போங்க."

அவர் யாரையும் பார்க்காமல் தொழிற்சாலைப் பக்கம் நடந்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் செல்லாயி ஜன்னல் கம்பியில் தட்டினாள். குரலில் பழைய கடுப்பு அப்படியே இருந்தது.

"ஏய் கிளாக்கரம்மா, இன்னிக்குப் புதன்கெழம. எங்கூட்டுக் கூரைய எழுது."

பரிமளம் திரும்பவில்லை.

"நில்லுக்கா. போத்தல் நெறையட்டும்."