ரிஸ்பெக்கின் காரில் மீதமிருந்த பூச்சு

தோக்மோக் ஊரில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் அப்திகெரிமின் முற்றத்தில் நின்ற கறுப்புக் கார், ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை முதல் எதிரில் நிற்பவர்களைக் காட்டுவதை விட்டுவிட்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ருஷ்யாவில் எங்கோ இருந்த அவருடைய மகன் ரிஸ்பெக்கைக் காட்ட ஆரம்பித்தது. அதே வாரம் ஆட்டிறைச்சி விலையும் ஏறியது. எங்கள் தெருவில் முதலில் பேசப்பட்டது இறைச்சியைப் பற்றித்தான்.

கார் ரிஸ்பெக்குடையது. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த, வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டி. கட்டிட வேலைக்கு வடக்கே போகும்போது சாவியை அப்பாவிடம் கொடுத்து, ஒரு கீறல் விழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் மனைவி பேகிமை அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் பனி விழும்வரை போனில் பேசினான், அதன்பின் அந்த எண் உயிரோடு இல்லை. பெண் குழந்தை பிறந்தது, மீரிம் என்று பெயர் வைத்தார்கள், பல் முளைத்தது, நடந்தது. புதுப் பெண்ணையோ புதுக் குழந்தையையோ புது வண்டியையோ முதல்முறை பார்க்கிறவர் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்பதால், தெருவே வந்து மீரிமுக்குக் ‘கொரும்துக்’ என்கிற முதல் பார்வைப் பரிசு கொடுத்தது. துணி, சர்க்கரை, ஒருவர் உயிருள்ள கோழி. கொடுக்காமல் பாக்கி இருந்தவன் பெற்ற அப்பன் ஒருவன்தான்.

அப்திகெரிம் பாசத்தில் ஒரு தப்புச் செய்தார். வாராவாரம் காரை, வீடு துடைக்கிற துணியாலேயே துடைத்தார். தரையின் மண்ணெல்லாம் துணியிலிருந்து காருக்குப் போனது. இரண்டு வருடத்தில், வெயில் பட்டால் வண்டி முழுக்கச் சிலந்தி வலை கட்டியதுபோல் வட்டக் கீறல்கள். மகன் வந்தால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் உதிரிபாகச் சந்தைக்குப் போனார். அங்கே கடை வைத்திருக்கும் துங்கான் இனத்தவர் இஸ்மார், கார் பாலிஷ் விஷயத்தில் எங்கள் ஊரின் கடைசி வார்த்தை.

"எதால தொடைச்சீங்கண்ணே?"

"வீட்டுத் துணிதான்."

"நல்லவேளை, மண்வெட்டிய எடுக்கல."

இரண்டு மெஷின்களை மேஜைமேல் வைத்தார் இஸ்மார். "இது நேரா சுத்துறது. வேலை சீக்கிரம் முடியும், ஆனா ஒரே இடத்துல ரெண்டு மூச்சு நின்னா பூச்சையே கருக்கிடும். ஓரத்துல பட்டா அவ்ளோதான். இது ஆடி ஆடி சுத்துறது. புதுக் கைக்கு இதுதான், வேறெதையும் கேக்காதீங்க." மெஷினில் மாட்டுகிற பேடுகளும் அப்படியே. கம்பளி பேட் வெட்டும், மஞ்சள் ஸ்பாஞ்ச் கொஞ்சம் குறைவாக வெட்டும், கறுப்பு ஸ்பாஞ்ச் தடவிக் கொடுக்கும். கறுப்பில் ஆரம்பிக்க வேண்டும், போதாவிட்டால்தான் மஞ்சள், அதுவும் உள்ளங்கை அகலத்தில் ஓர் இடத்தில் போட்டுப் பார்த்த பிறகு. பூச்சு திரும்ப முளைக்காது என்று சொல்லி, அதன் கனத்தை அளக்கும் சின்ன மீட்டரையும் இரவலாகக் கொடுத்தார். கதவில் வைத்தால் நூற்றுப்பத்து மைக்ரான் காட்டியது. எழுபதுக்குக் கீழே போனால் பளபளப்பு என்பதே இருக்காதாம். நாற்பது வருடமாக ஏறுகிற மீட்டரையே பார்த்துப் பழகிய அப்திகெரிமுக்கு, இறங்க மட்டுமே தெரிந்த மீட்டர் புதிது.

சொன்னது சொன்னபடி, கறுப்பு ஸ்பாஞ்சால் வலது கதவில் உள்ளங்கை அகலம் தேய்த்துப் புதுத் துணியால் துடைத்தார். தன் முகம் தெரியும் என்று குனிந்தவருக்குச் சுவர் பூசிக்கொண்டிருக்கும் ஒருவனின் முதுகு தெரிந்தது. மங்கலாகத்தான். மாவு பிசைந்த கையோடு ஓடிவந்த பேகிமை, காதைப் பார்த்தே சொல்லிவிட்டாள்.

"அவருதான் மாமா."

இருவரும் கத்தினார்கள், கதவைத் தட்டினார்கள். அவன் திரும்பவில்லை. மஞ்சள் ஸ்பாஞ்சைப் போட்டதும் முகம் தெளிந்தது. இளைத்திருந்தான், இருமினான். பத்து நாளில் அந்த இடம் மங்கியது, மறுபடி தேய்த்தார்கள். மீட்டர் நூற்றுமூன்று என்றது. தெரு வந்து பார்த்தது, முதல் பார்வை என்பதால் கையில் ஏதாவது கொண்டுவந்தது. இஸ்மார் ஒரு பாட்டில் சமையல் எண்ணெயோடு வந்து வெகுநேரம் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "நான் இதுவரைக்கும் ஆயிரம் வண்டி பாலிஷ் போட்டிருக்கேன், எனக்கு என் மூஞ்சிதான் தெரிஞ்சுது" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரிந்தால் போய்க் கூட்டிவந்துவிடலாம். வேண்டியது அவ்வளவுதான். அவனுக்குப் பின்னால் பலகைகள் இருந்தன, எழுத்துகள் மங்கலாக, இடம் வலமாக இருந்தன. பேகிமையின் கைக்கண்ணாடியை எதிரே பிடித்து நேராக்கிப் படித்தார் அப்திகெரிம். இடது கதவு முழுவதையும் மஞ்சள் ஸ்பாஞ்சால் தேய்த்துத் தீர்த்து அவர் படித்தறிந்த செய்தி: தலைக்கவசம் அணியவும். பின்கதவு கொடுத்த செய்தி: இங்கே புகைபிடிக்காதீர். அந்த நாட்டில் இந்த இரண்டும் இல்லாத இடமே கிடையாது.

மூன்றாவது பலகையில் ஒரு செல்போன் எண் இருந்தது. அதற்கு மஞ்சள் போதவில்லை. அப்திகெரிம் இஸ்மாரிடம் போய் நேராகச் சுற்றும் மெஷினையும் கம்பளி பேடையும் கேட்டார். இஸ்மார் கையெடுத்துக் கும்பிடாத குறை. "வேணாம்ணே. மெதுவாத் தேய்ச்சா அஞ்சு வருஷம் புள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கலாம்." "பாத்துக்கிட்டே இருந்து என்னடா பண்றது?" என்றார் அப்திகெரிம். இஸ்மார் மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார். பானெட்டில் மெஷினை வைத்ததும் எண்கள் அச்சடித்ததுபோல் எழுந்தன. படித்துக்கொண்டே வந்தவரின் கை, பானெட்டின் விளிம்பில் இரண்டு மூச்சு நின்றுவிட்டது. கடைசி இரண்டு எண்கள் புகையோடு போயின.

மிச்சம் இருந்தது நூறு சாத்தியம். பேகிமை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். போனில் காசு போடப் போட, மூன்று வாரம் ஆனது. அறுபத்தெட்டாவது எண்ணில் ஒரு காவல்காரர் எடுத்தார். அந்த வேலை முடிந்தது, ஆட்களைப் போன வாரமே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள், எங்கே என்று தனக்குத் தெரியாது என்றார். எந்த ஊர் என்று பேகிமை கேட்பதற்குள் காசு தீர்ந்தது. திரும்பக் கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை, அதன்பிறகு எப்போதும் எடுக்கவில்லை. காரின் கூரையைத் தேய்த்துப் பார்த்தார்கள். ரிஸ்பெக் பனிக்கு நடுவே செங்கல் சுமந்துகொண்டிருந்தான். பலகையே இல்லாத இடம்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் கூரை, டிக்கி, பம்பர் எல்லாம் தீர்ந்து, கார் சாம்பல் நிறமானது. அவனுக்குக் காய்ச்சல் வந்ததைப் பார்த்தார்கள், யாரோ அவனுடைய பூட்ஸைத் திருடியதைப் பார்த்தார்கள். தண்ணீர் கேட்டு உதடு அசைந்தபோது அப்திகெரிம் டம்ளரை எடுத்துக்கொண்டு கதவருகே ஓடி, அப்படியே நின்றார். பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்த்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வருடங்களில் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

கடைசியில் பெட்ரோல் மூடிக்குக் கீழே உள்ளங்கை அகலம் மிஞ்சியது. அப்திகெரிம் மெஷினை எடுத்தார். மாமனாரின் எதிரே குரல் உயர்த்திப் பேசாத பேகிமை, "குடுங்க மாமா, இந்தத் தடவ நான்" என்று வாங்கிக்கொண்டாள். பலகைக்காக இல்லை என்று சொல்லி, கறுப்பு ஸ்பாஞ்சையே மாட்டினாள்.

ரிஸ்பெக் ஒரு ஜன்னல் சட்டத்துக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. பேகிமை மூன்று வயது மீரிமைத் தூக்கி அந்த இடத்துக்கு எதிரே பிடித்தாள். "பாருங்க. இவதான்." அவன் கை நின்றது. எதையோ மறந்துவிட்டவன் மாதிரி நிமிர்ந்தான். கையைப் பேன்ட்டில் துடைத்து, ஒவ்வொரு பையாகத் துழாவினான். சட்டைப் பையில் ஒரு மிட்டாய் இருந்தது. அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மறுபடி பட்டி பூச ஆரம்பித்தான். சாயங்காலம் போனவன், பிறகு அந்த ஜன்னலுக்கு வரவில்லை.

மிட்டாய் ஒன்பது நாள் அங்கேயே இருந்தது. தெருவில் எல்லோரும் வந்து பார்த்தோம். இஸ்மார் மீட்டரை வைத்துப் பார்த்து, "இன்னொரு தடவைன்னா தகரம்தான்" என்றார். ஒன்பதாம் நாள் மதியம் அந்த இடம் மங்கத் தொடங்கியபோது, மீரிம் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, மிட்டாயை எடுத்து, காகிதத்தை உரித்து, வேண்டாம் என்று யாரும் சொல்வதற்குள் வாயில் போட்டுக்கொண்டாள். கையை எடுத்ததும் அந்த இடமும் சாம்பலானது.

அப்திகெரிம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்தார்.

"ஊர் பேர் இருக்கா மாமா?"

"ஃபேக்டரி இருக்கிற ஊர் பேருதாம்மா இருக்கு. இது நம்ம தெருமுனைக் கடையிலயும் கிடைக்கிற மிட்டாய்."

பேகிமை காகிதத்தை வாங்கி நீவி, குழந்தைக்கு வந்த துணிமணிகளோடு பெட்டியில் வைத்தாள். மீரிமுக்கு அவள் அப்பா கொரும்துக் கொடுத்துவிட்டார் என்பதில் எங்கள் தெருவில் இருவேறு பேச்சு கிடையாது. கார் அங்கேயேதான் நிற்கிறது. அப்திகெரிம் சனிக்கிழமைதோறும் அதைத் துடைக்கிறார். இப்போது சரியான துணியால்தான் துடைக்கிறார்.