கை நனைக்காத வீடு

வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

சித்திரை வெயில். திருச்செந்தூரில் உவரி பஸ் பிடித்து, சுக்கான்விளை விலக்கில் இறங்கினோம். கூட வந்த என் தம்பி பூதத்தான், என் கையிலிருந்த வெள்ளைக் கேனையே முறைத்துக்கொண்டு வந்தான். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்தில், விடிகிற நேரத்தில், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி மொண்ட தண்ணீர் அது.

"எக்கா, மாப்பிள்ளை வீட்டுல தண்ணி தரமாட்டாவளா? இதை எதுக்குப் போட்டுச் சொமக்கே?"

"தருவாவ. அதைத்தான் குடிக்கக் கூடாதுங்கேன். அங்கன வந்து தண்ணி கிண்ணின்னு வாயத் தொறந்தே, கொன்னுபோடுவேன்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள், பிடித்திருந்தால்தான் அங்கே கை நனைப்பார்கள். ஒரு வாய் சோறோ, ஒரு மடக்குத் தண்ணீரோ உள்ளே போய்விட்டால் சம்மதம் என்று அர்த்தம். போகாவிட்டால் நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே புரிந்துகொள்வார்கள். அதற்குத்தான் கேன்.

பேச்சிராஜ் எங்கள் ஊருக்கு வாழைத்தார் ஏற்ற வருகிற லாரியின் டிரைவர். என் ஒரே மகள் நித்யா அவனைத்தான் கட்டுவேன் என்கிறாள். "நீ போய்ப் பாரும்மா. பிடிக்கலன்னா நான் கட்டல. ஆனா வேற மாப்பிள்ளன்னு ஒருத்தனையும் நம்ம நடையேத்தாத" என்று சொல்லிவிட்டுத் தலைவாரப் போய்விட்டாள். அழுதிருந்தால் நாலு வைத்திருக்கலாம். அழவில்லை, கழுதை. அப்படியே என்னைப் போலப் பிறந்திருக்கிறது.

அவள் அப்பா போன பிறகு நாற்று நட்டு நான் வளர்த்த பிள்ளை. வாய்க்காலே கதியென்று கிடந்து வளர்ந்தவள். அவளைத் தண்ணியில்லாக் காட்டுக்குக் கொடுக்க எனக்கென்ன கிறுக்கா?

ஊர் நான் நினைத்ததைவிட மோசம். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கண்ணுக்கு எட்டியவரை செக்கச்செவேல் என்று தேரி மணல். நடுவில் நாலைந்து தெரு. உச்சி வெயிலில் ஒரு நாய்கூட வெளியே இல்லை. காற்று மட்டும் மணலை வாரி வாரிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. செருப்புக்குள் மணல் புகுந்து காலைப் பொசுக்கியது. "எம்மா!" என்று கத்திக்கொண்டு பூதத்தான் பனை நிழலுக்கு ஓடினான். இத்தனை தண்ணீர் கண்ணெதிரே கிடக்கிறது, ஒரு வாய் குடிக்க முடியாது, இதெல்லாம் ஒரு ஊரா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பேச்சிராஜின் அம்மா மாரித்தாய் வாசலிலேயே நின்றாள். "வாங்க மதினி, வாங்க." அதற்குள் மதினியாம்! உட்கார்ந்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இருக்கட்டும். நாங்க தண்ணி கொண்டாந்திருக்கோம்" என்று கேனைத் தொம்மென்று தரையில் வைத்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சொம்பைக் கீழே வைத்தாள். முகத்தைத் தூக்கிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவளோ கேனையே பார்த்தாள்.

"ஆத்துத் தண்ணியா?"

"ஆமா. ஊத்துல மொண்டது."

"எனக்கு ஒரு வாய் தருவியளா?"

தண்ணீர் கேட்பவளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மடக்கென்று குடிக்கவில்லை. கொஞ்சங்கொஞ்சமாக, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"எக்கா, அவியதான நம்ம தண்ணியில கை நனைச்சிட்டாவ" என்று பூதத்தான் என் காதைக் கடித்தான்.

"சும்மா இருலே."

"நான் பொறந்தது ஆழ்வார்திருநகரி" என்றாள் மாரித்தாய்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். "அப்பம் ஊருக்குப் போவும்போது ஆசதீரக் குடிக்க வேண்டியதுதான?" என்றேன்.

"எங்க போவ? கட்டிக்குடுத்ததோட சரி, ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. அண்ணன்மாருக்கு இந்த மணலும் வெயிலும் ஆவாதாம். கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்பிடிப் போவேன்? மொத வருசம் தண்ணிக்கு அழுதேன். பொறவு அது பழகிட்டு. ஆளு வராததுதான் இன்னும் பழகல."

அப்போது சைக்கிளின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு பேச்சிராஜ் வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "வாங்கத்தை" என்றான். இவனுக்கு நான் அத்தையாம்!

"இவன் வீட்டுல இருக்க அன்னைக்கு என்னையக் குடத்தத் தொட விடமாட்டான். ஒங்க மவளையும் விடமாட்டான், அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் மாரித்தாய். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஆனா நீங்க வருவியளா? அத மட்டும் சொல்லுங்க. வரமாட்டியன்னா பொண்ணக் குடுக்காதிய. இன்னொருத்தியும் இங்கன கெடந்து வழி பாக்க வேண்டாம். இவனப் பெத்தவ நானே சொல்லுதேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"யாரப் பாத்து என்ன கேள்வி கேக்கிய? எம்மவளப் பாக்க நான் வரமாட்டனா? மணல் என்ன மணல், நெருப்பக் கொட்டி வச்சாலும் வருவேன். மாசாமாசம் வருவேன். இந்தக் கேன்ல தண்ணியோட வருவேன். ஒங்களுக்கும் சேத்துத்தான் கொண்டாருவேன். எவன் தடுக்கான்னு பாக்கேன்!"

சைக்கிளிலிருந்து இறக்கிய குடத்தை இடுப்பில் வைத்தபடி பேச்சிராஜ் அப்படியே நின்றான்.

"அப்பம் பொண்ணு குடுத்தாச்சாக்கா?" என்றான் பூதத்தான்.

சொன்னதை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்க எனக்கு மனசில்லை. நான் உயிரோடு இருக்கிறவரை என் மகள் வழி பார்த்துக் கிடக்க மாட்டாள். இந்த ஊரில் தண்ணீர் கிடைப்பது என் கையில் இல்லை, வந்து பார்ப்பது இருக்கிறது.

எழுந்தேன். கேனில் மிச்சமிருந்த ஆற்றுத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் மாரித்தாயின் பானையில் கவிழ்த்தேன். வந்ததும் அவள் நீட்டிய சொம்பு தரையிலேயே இருந்தது. எடுத்தேன்.

"மதினி, எங்க தண்ணி கரிக்கும். பைய, கொஞ்சங்கொஞ்சமா…"

"நீங்க சும்மா இரிங்க மதினி."

உப்புக் கரித்தது. அடிவரை குடித்தேன்.