அரக்கனின் மொழியை யாரும் கற்கவில்லை

1

வாசகப் பெருமக்களே, சாட்சிக்கு வாருங்கள்! பேசத் தெரிந்த ஒருவனை ஊமையென்று தீர்மானித்து, அவன் கழுத்துக்குக் கயிறு திரித்துக்கொண்டிருக்கிறது ஒரு சபை. அவன் ஓர் அரக்கன். விளையாட்டில் மட்டுமே வாழ்கிறவன். அதனால் அநீதி அநீதி இல்லையென்று ஆகிவிடுமா?

கதை பிறந்த இடத்தை மறைக்கமாட்டேன். ஞாயிறுதோறும் மாலையில், பூட்டிய பல் மருத்துவமனையின் காத்திருப்பறையில் நால்வர் கூடுகிறார்கள். கோட்டையும் வாளும் மந்திரமும் மலிந்த பழங்காலத்துப் பாத்திரங்களாக வேடமேற்று, பகடை உருட்டிக் கதை நடத்துகிறார்கள். ஆட்டத்தை நடத்துபவர் பல் மருத்துவர். மந்திரவாதி, ஒரு கணக்கு வாத்தியார். வன இளவரசன், மருத்துவரின் மச்சான். அரக்கன், என் அக்கா.

(பகடை உருள்வது, பிடுங்கிய பற்கள் விழும் எஃகுத் தட்டில். கழுவியதுதான் என்கிறார் மருத்துவர். நம்புகிறேன், தொடுவதில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அடர்ந்த கானகத்தின் மேல் முழுநிலவு தன் வெள்ளிக் கதிர்களை..."

வேண்டாம். நிலவை உள்ளே விட்டால் அரக்கனுக்கு இடமிருக்காது.

மொழிப் பங்கீட்டிலிருந்து தொடங்குகிறேன். குற்றம் அங்கேதான் இருக்கிறது. மந்திரவாதிக்கு ஏழு மொழிகள்: டிராகன் மொழி, பேய் மொழி, குதிரை மொழி, கடலில் மூழ்கிய நகரத்தின் மொழி, இன்னும் எவையோ.* இளவரசனுக்கு அரசவை மொழியும் வன மொழியும். அரக்கனுக்கு அரக்க மொழி ஒன்றே. அக்கா கேட்டு வாங்கியதும் அதுதான். வாரமெல்லாம் குடிநீர் வாரியத்தின் புகார்த் தொலைபேசியில் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமையாவது வாயை மூடிக்கொண்டு எதையாவது தூக்கிக்கொண்டு நடக்கிறேனே என்றாளாம்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. தன் பாத்திரம் அறியாத மொழியில் பேச்சு நடந்தால், ஆடுபவர் காதில் பஞ்சுருளை வைத்துக்கொள்ள வேண்டும். பல் மருத்துவமனையில் பஞ்சுக்கா பஞ்சம்? ஆகவே அக்கா மாலை முழுதும் பஞ்சோடு உட்கார்ந்து, நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

* அவற்றுள் உயிரோடிருப்பவர் பேசும் மொழி எதுவென்று கேட்டேன். வாத்தியார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

3

ஒரு ஞாயிறு ஆட்டத்தில் மன்னனின் குதிரை காணாமல் போயிற்று. அரக்கன்தான் தின்றானென்று பிடித்துக் கட்டினார்கள். குதிரையை ஓட்டிச் சென்றவன் தளபதி. அதை அரக்கன் கண்ணால் பார்த்தான். இந்த உண்மையை மருத்துவர் அக்காவின் காதில் மட்டும் சொன்னார். அவள் அதை அரக்க மொழியில் மட்டுமே சொல்லலாம். நீதிபதிக்கு அம்மொழி தெரியாது. தோழர்களுக்கோ?

"வாத்தியாரே, ஏழு மொழி வச்சிருக்கீங்க. அதுல என்னோடது ஒண்ணு இல்லையா?"

"அரக்கன்கிட்ட பேச என்னம்மா இருக்குன்னு விட்டுட்டேன்."

"ஒரு வருஷமா உங்க மூட்டையை அவன்தானே தூக்கறான்?"

"அதான். தூக்கச் சொல்றதுக்குக் கையைக் காட்டினாப் போதுமே."

கேட்டீர்களா அந்த வாதத்தை!

மச்சான் சமாதானத்துக்கு வந்தார். தூக்கில் போட்டால் போகட்டும், அக்கா வேறு நல்ல பாத்திரமாக எடுத்துக்கொள்ளலாம், பூனைமுக வீராங்கனைக்கு இப்போது நல்ல மதிப்பு என்றார். அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "சிரிக்காதடா. அவன் போயிட்டா எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்ல."

4

பொங்கிவிட்டேன். அரக்கனின் வாக்குமூலத்தை நானே எழுதினேன்: "நீதிமான்களே! என் தோளின் மேல் ஏறி நின்றுகொண்டே என்னைக் குள்ளன் என்கிறீர்! என் சுமையால் உயர்ந்த உங்கள்..."

அக்கா பாதியில் நிறுத்தினாள்.

"இது அவன் இல்லடா, நீ. அவன் மைக்கைத் தேட மாட்டான்."

எழுதியதை அடித்துவிட்டேன். (மூன்று பக்கம். மூன்றும் நன்றாகவே இருந்தன.)

5

முடிவுகளை முயன்று பார்த்தேன். குதிரையே திரும்பி வந்து, மந்திரவாதியிடம் குதிரை மொழியில் சாட்சி சொல்லலாம். ஆனால் பெருமை வாத்தியாருக்குப் போகும். என் பேனா நகர மறுத்தது. அரக்கன் சிறையை உடைத்து ஓடலாம். ஓடினால் தின்றதாகத்தானே ஆகும் என்று அக்கா தடுத்துவிட்டாள். மன்னன் மனம் மாறிக் கண்ணீர்... சீ.

மருத்துவர் ஒரு வழி சொன்னார். யாரேனும் தம் ஆட்டத்தை ஒரு மாலை முழுதும் விட்டுக்கொடுத்து, அரக்கனுக்கு எதிரே உட்கார்ந்தால், அம்மொழியைக் கற்கலாம், கற்றவர் மொழிபெயர்க்கலாம். ஆனால் வரும் ஞாயிறு டிராகன் குகை. வாத்தியார் டிராகனோடு பேச ஒத்திகை பார்க்கிறார். மச்சான் வாளுக்குப் பெயர் வைத்துவிட்டார். விட்டுக்கொடுப்பார் இல்லை.

நீயே போயேன் என்பீர்கள். போனேன். "நீ பேச ஆரம்பிச்சிடுவ, கத்துக்க மாட்ட" என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆகவே முடிவெழுத மறுக்கிறேன். அவன் இன்னும் கயிற்றடியில் நிற்கிறான். எழுந்திருங்கள் பெருமக்களே! கைதட்டியது போதும். உங்களில் ஒருவர் குகையை விட்டுவிட்டு, அந்த அரக்கனுக்கு எதிரே போய் உட்காருங்கள். தண்ணீருக்கு அவன் மொழியில் என்ன சொல் என்று கேளுங்கள். அவன் சொன்னதும், திருப்பிச் சொல்லுங்கள்.